கோடையில் கிளப்கள் ஆடிய செவன்ஸ்: யாருக்காக நடந்தது, ஏன் தேய்ந்தது?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் முதல்தர லீக்கான ப்ரீமியர்ஷிப்பில் ஆடும் ரக்பி கிளப்கள், சீசன் இல்லாத கோடை மாதங்களில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் தொடர் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தின. பெயர் பெற்ற வீரர்கள் பெரும்பாலும் அதில் ஆடவில்லை. அப்படியென்றால் அந்தப் போட்டிக்கு என்ன மதிப்பு? அது ஏன் தேய்ந்துபோனது? 2025-இல் சென்னை புல்ஸ் கோப்பை வென்ற இந்தியாவின் ரக்பி பிரீமியர் லீக்கும் இதே வகைதானா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் நட்சத்திர வீரர்களுக்காக நடந்ததே இல்லை. சீசன் முழுக்கப் பெஞ்சில்கூட இடம் கிடைக்காத, கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளரும் அகாடமிப் பையன்கள், தங்கள் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொந்த ரசிகர்கள் முன்னால், தொலைக்காட்சியில் தெரிய ஆடுவதற்குக் கிடைத்த இடம் அது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது நல்ல போட்டி, இன்னும் நடந்திருக்க வேண்டிய போட்டி என்பதுதான் என் கருத்து. ஆனால் அதை நடத்தியவர்களே அதற்கு ஆண்டில் நிலையான ஒரு இடத்தைக் கொடுக்கவில்லை. செவன்ஸின் வரலாறு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு போட்டி வாழ்வதும் சாவதும் பெரும்பாலும் நாள்காட்டியில் அது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் தொழில்முறை ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆட்டம். சீசன் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மே கடைசி அல்லது ஜூன் வரை போகும். அதன் பிறகு தேசிய அணி வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பும். மற்றவர்களுக்குப் பல வாரம் ஓய்வு. ஜூலையில் உடற்பயிற்சி தொடங்கும், ஆகஸ்டில் ஒன்றிரண்டு பயிற்சி ஆட்டங்கள் நடக்கும், அப்புறம் மறுபடியும் சீசன். ஆக, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஒரு இடைவெளி கிடைக்கிறது. மைதானம் சும்மா இருக்கிறது, புல் உலர்ந்து வேகமாக இருக்கிறது, மாலை ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது, தொலைக்காட்சியில் காட்டுவதற்கு ரக்பி எதுவும் இல்லை. கிளப்களின் கோடை செவன்ஸ் வந்து உட்கார்ந்தது இந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் ஏன் பதினைவர் ஆட்டத்தையே ஆடக் கூடாது என்று கேட்கலாம். உடம்பு தாங்காது. எண்பது நிமிடம் மோதி, ஸ்க்ரம்மில் (இரு அணியினரும் குனிந்து கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளும் மோதலில்) எட்டுக்கு எட்டு தள்ளி, அடுத்த வாரமும் அதையே செய்யும் விளையாட்டுக்குக் கோடை ஓய்வு என்பது சிகிச்சை மாதிரி. செவன்ஸில் ஒரு ஆட்டம் ஏழு நிமிடம், இரண்டு நிமிட இடைவேளை, மறுபடி ஏழு நிமிடம், அவ்வளவுதான். ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு மூன்று பேர் மட்டுமே. பயிற்சியாளர்களுக்கு இது ஆரம்பத்தில் கவர்ச்சியாகத் தோன்றியதில் வியப்பில்லை: மோதல் குறைவு, ஓட்டம் அதிகம், சீசனுக்கு முன் மூச்சைத் தயார் செய்ய நல்ல வழி.

அந்த எண்ணம் பாதிதான் சரி. ஏன் என்று புரிய ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மைதானம் சிறியதாகிவிடுவதில்லை. பதினைந்து பேர் ஆடும் அதே மைதானம்தான், அகலம் எழுபது மீட்டர் வரை. ஏழு பேரில் ஒருவர் பின்னால் நின்று, உடைத்துக்கொண்டு வருபவரைப் பிடிக்கக் காத்திருப்பார். மீதி ஆறு பேர் எழுபது மீட்டரைக் காக்க வேண்டும். ஆளுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மீட்டர். பதினைவர் ஆட்டத்தில் அது ஐந்தாறு மீட்டராக இருக்கும். அங்கே ஒரு டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது, தவறினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடுவார். இங்கே தவறினால் பல நேரம் நேராக ட்ரைதான், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஆட்டம் இது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு டேக்கிள் செய்யத் தெரியுமா, களைத்துப்போன பிறகும் சரியான இடத்தில் நிற்கிறானா, பந்து கையில் இருக்கும்போது இடப்பக்கம் யார் வருகிறார் என்று பார்க்கிறானா என்பதெல்லாம் பதினான்கு நிமிடத்தில் வெட்டவெளிச்சம் ஆகிவிடும். மாதக்கணக்கில் பயிற்சியில் பார்த்தும் தெரியாதது ஒரு மாலையில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு வித்தியாசம். பதினைவர் ஆட்டத்தில், ட்ரையை விட்டுக்கொடுத்த அணிதான் அடுத்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். செவன்ஸில் ட்ரை போட்ட அணியே உதைக்க வேண்டும். பந்து கையில் இருப்பதுதான் இந்த ஆட்டத்தில் எல்லாமே என்பதால், பின்தங்கிய அணிக்குப் பந்து கிடைக்க ஒரு வாய்ப்பு தரும் விதி இது. ஆனால் உயரமாக உதைத்து, ஓடிப்போய் எகிறி, எதிரணியின் கைக்குப் போகுமுன் அந்தப் பந்தைத் தட்டிப் பறிக்கத் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் போதும், எதிரணி தொடர்ந்து மூன்று நிமிடம் பந்தைத் தொடாமலே இருபது புள்ளியை விட்டுக்கொடுத்துவிடும். ட்ரைக்கு ஐந்து புள்ளி, அதற்குப் பிறகு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்கும் கன்வர்ஷனுக்கு இரண்டு. கன்வர்ஷனைத் தரையில் நிறுத்தி வைத்து உதைக்கக் கூடாது. கையிலிருந்து விட்டு, பந்து தரையைத் தொட்டு எழும்பும்போது உதைக்க வேண்டும், அதுவும் முப்பது நொடிகளுக்குள். மஞ்சள் அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பின்னால் நிற்பவரையும் சேர்த்தே ஆறு பேர் மட்டும் எழுபது மீட்டரைக் காக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஆட்டமே முடிந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மோதல் குறைவு என்ற நம்பிக்கை எங்கே இடிக்கிறது என்றால், வேகத்தில். ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஒரு வீரர் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுவார். நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல். பதினைவர் ஆட்டத்தின் சராசரியைவிட இது நன்றாகவே அதிகம், அதிலும் வேக ஓட்டத்தின் பங்கு கூடுதல். முழுவேகத்தில் வருபவரைத் தனியாக நின்று பிடிக்கும் டேக்கிளில்தான் தோளும் முழங்காலும் போகும். தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வதும் அப்படித்தான். ஆடிய நேரத்தோடு ஒப்பிட்டால், பன்னாட்டு செவன்ஸில் காயங்களின் விகிதம் பதினைவர் ஆட்டத்தைவிடக் குறைவு இல்லை, கூடுதல் என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செப்டம்பரில் லீக் தொடங்கப்போகும் பயிற்சியாளர் ஓரத்தில் ஓடும் வேகக்காரரான தன் முதல்தர விங்கரை ஆகஸ்டில் ஒரு செவன்ஸ் மாலையில் இழக்கத் துணிவாரா? மாட்டார். நட்சத்திரங்கள் ஆடாததற்குக் காரணம் இதுதான். அதைப் போட்டியை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர்கள் விட்ட இடத்தில்தான் பையன்கள் நுழைந்தார்கள்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. இதைச் சொல்லாமல் நாள்காட்டி விஷயம் புரியாது. செவன்ஸ் பிறந்தது ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் உள்ள மெல்ரோஸ் என்ற சின்ன ஊரில், 1883 ஏப்ரலில். கிளப்பிடம் பணம் இல்லை. நெட் ஹேக் என்ற கசாப்புக்காரர், கிளப்பின் வீரர், விழா மாதிரி ஒரு நாள் போட்டி வைத்துப் பணம் திரட்டலாம் என்று சொன்னார். ஒரே பிற்பகலில் பதினைந்து பேர் ஆட்டங்களைப் பல அணிகளுக்கு நடத்த முடியாது. அதனால் ஆளைக் குறைத்து ஏழு ஆக்கி, நேரத்தையும் கால் மணியாகக் குறைத்தார்கள். ஊர்ப் பெண்கள் கோப்பை கொடுத்தார்கள். இறுதி ஆட்டம் மெல்ரோஸுக்கும் பக்கத்து ஊரான காலாவுக்கும் இடையில். சமநிலையில் முடிந்தது, கூடுதல் நேரம் ஆடினார்கள். மெல்ரோஸ் ஒரு ட்ரை போட்டதும், வென்றுவிட்டோம் என்று மைதானத்தை விட்டு நடந்துவிட்டது. முழு நேரமும் ஆட வேண்டும் என்று காலா தகராறு செய்தது. கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற இன்றைய வழக்கத்துக்கு இந்தத் தகராறுதான் முன்னோடி.

கவனிக்க வேண்டியது அந்த மாதத்தைத்தான். ஏப்ரல், அதாவது சீசன் முடியும் நேரம். எல்லைப்புற ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வசந்த காலத்தில் தங்கள் செவன்ஸை வைத்துக்கொண்டன. இங்கிலாந்தில் 1926-இல் மிடில்செக்ஸ் செவன்ஸ் லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் தொடங்கியதும் அதே முறையில்தான். லண்டனில் வாழ்ந்த ரஸல்-கார்கில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சொன்ன யோசனை அது. வருமானம் தர்ம காரியத்துக்கு. முதல் நான்கு ஆண்டும் ஹார்லக்வின்ஸ் வென்றது. லீக் என்று எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் சீசனின் கடைசி நாள் ஒரு திருவிழாவாக இருந்தது, பெரிய வீரர்களும் மகிழ்ச்சியாக ஆடினார்கள். அதற்குப் பின் விடுமுறைதான் என்பதால் காயம் பற்றிய பயம் இல்லை.

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன், அதாவது இதுவரை பேசிய பதினைவர் ரக்பி, தொழில்முறை ஆட்டமாக மாறியதும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அடுத்த மே மாதமே, அதுவரை யூனியன் மைதானத்துக்குள் விடப்படாத விகன் என்ற ரக்பி லீக் (யூனியனிலிருந்து பிரிந்துபோன, பதின்மூன்று பேர் ஆடும் தனி ரக்பி) கிளப், மிடில்செக்ஸ் செவன்ஸுக்கு அழைக்கப்பட்டது. இறுதியில் யூனியன் கிளப்பான வாஸ்ப்ஸை 38-15 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. முழுநேரமும் பயிற்சி செய்யும் ஆட்டக்காரன் எப்படி இருப்பான் என்பதை அன்று ட்விக்கன்ஹாம் கூட்டம் நேரில் பார்த்தது. நூறு ஆண்டுப் பிளவுக்குப் பிறகு நடந்த அந்த வருகையை இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது. 2002-இல் இன்னொரு ரக்பி லீக் கிளப்பான பிராட்ஃபோர்ட் புல்ஸும் வந்து வென்றது. ஆனால் அதற்குள் போட்டி இடம் மாறியிருந்தது. ஏப்ரலும் மேயும் ப்ரீமியர்ஷிப் ஆட்டங்கள், ஐரோப்பியக் கோப்பை, பட்டத்துக்கான ப்ளே-ஆஃப் என்று நிரம்பிவிட்டதால், 2001 முதல் மிடில்செக்ஸ் செவன்ஸ் ஆகஸ்டுக்குத் தள்ளப்பட்டது. சீசன் முடிவில் ஆடிய விழா, சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஒத்திகையாக ஆனது. பெரிய வீரர்கள் விலகத் தொடங்கியது அங்கேதான்.

2010-இல் ப்ரீமியர்ஷிப் கிளப்கள் தங்கள் சொந்தத் தொடரைத் தொடங்கின. காலம் முக்கியம். 2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2016 ரியோவில் செவன்ஸைச் சேர்க்க வாக்களித்திருந்தது. திடீரென்று எல்லோருக்கும் செவன்ஸ் மேல் அக்கறை வந்த நேரம். ப்ரீமியர்ஷிப்பில் அப்போது பன்னிரண்டு கிளப்கள். நான்கு நான்காக மூன்று குழு. ஒரு குழுவின் ஆட்டம் முழுவதும் ஒரே மாலையில், ஒரு கிளப்பின் மைதானத்தில். நான்கு அணி ஒன்றோடொன்று மோதினால் ஆறு ஆட்டம். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். தேறிய அணிகளுக்குத் தனியாக ஒரு இறுதி நாள். ஆரம்பத்தில் ஈஎஸ்பிஎன், பிறகு பிடி ஸ்போர்ட் நேரலையாகக் காட்டின. விளம்பரதாரராக முதலில் ஜே.பி. மார்கன், பின்னால் தாய்லாந்து பீர் கம்பெனியான சிங்கா.

முதல் ஆண்டு சாரசன்ஸ் வென்றது, 2011-இல் நியூகாசில் ஃபால்கன்ஸ், 2012-இல் லண்டன் ஐரிஷ், 2013-இல் க்ளௌஸ்டர். பின்னால் வேல்ஸின் நான்கு பிராந்திய அணிகளும் சேர்க்கப்பட, 2015-இல் அவற்றில் ஒன்றான நியூபோர்ட் க்வென்ட் ட்ராகன்ஸ் கோப்பையை எடுத்தது. இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பதினைவர் லீக்கில் அட்டவணையின் கீழ்ப்பாதியில் திணறிக்கொண்டிருந்த கிளப்கள்கூட இங்கே வென்றன. நியூகாசில் 2011-12 சீசனின் முடிவில் ப்ரீமியர்ஷிப்பிலிருந்தே கீழிறங்கியது. ட்ராகன்ஸ் தன் லீக்கில் பெரும்பாலும் பின்வரிசைதான். பண பலமும் ஸ்க்ரம்மில் தள்ளும் பெரிய ஃபார்வர்டுகளும் ஒதுங்கிக்கொண்டால், நல்ல அகாடமியும் ஓடத் தெரிந்த ஏழெட்டுப் பையன்களும் இருக்கும் எந்தக் கிளப்பும் வெல்லலாம். அந்த ரசிகர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்த ஒரே கோப்பையாகக்கூட அது இருந்திருக்கும். அதை வெறும் கண்காட்சி ஆட்டம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2013, 2014 ஆகஸ்டுகளில் உலகக் கிளப் செவன்ஸ் என்று ஒன்றையும் ட்விக்கன்ஹாமில் முயன்றார்கள். முதல் ஆண்டு ஆக்லாந்தும் அடுத்த ஆண்டு பியூனஸ் ஐரஸும் வென்றன. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினாவுக்கெல்லாம் ஆகஸ்ட் என்பது சீசனின் நடு. ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு வேலை நாள். அப்படியொரு போட்டி நிலைக்க வழியில்லை.

சரி, கிளப் தொடர் ஏன் தேய்ந்தது? ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராக நடந்த மாலைகள் போய், எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே வார இறுதியில் முடிப்பது என்று சுருங்கியது. செலவு மிச்சம்தான். ஆனால் நியூகாசில்காரர் தன் ஊர் மைதானத்தில் தன் ஊர்ப் பையனைப் பார்ப்பது என்ற உயிர்நாடி அதில் போய்விட்டது. 2019-இல் ஜப்பானில் உலகக் கோப்பை என்பதால் ப்ரீமியர்ஷிப் அக்டோபரில்தான் தொடங்கியது. செவன்ஸும் செப்டம்பருக்கு நகர்ந்தது. அடுத்து கொரோனா. மார்ச்சில் நின்ற 2019-20 சீசன் ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, இறுதி ஆட்டம் அக்டோபர் 24 அன்று நடந்தது. நான்கு வாரம் கழித்து அடுத்த சீசன் தொடங்கியே விட்டது. கோடை இடைவெளி என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதே 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரக்பி சம்மேளனமான ரக்பி யூனியன் பணமில்லை என்று தன் முழுநேர செவன்ஸ் வீரர்களின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. பிறகு கிளப்களின் கடன் வெடித்தது. 2022-இல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023-இல் லண்டன் ஐரிஷும் திவாலாகி லீக்கை விட்டுப் போயின. அதற்குள் பதின்மூன்றாகியிருந்த கிளப்களின் எண்ணிக்கை பத்தாகிவிட்டது. 2012-இல் செவன்ஸ் கோப்பை வென்ற கிளப்பே இன்று ப்ரீமியர்ஷிப்பில் இல்லை. வீடே எரியும்போது கோடை மாலை விளையாட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள் என்பது புரிகிறது. வருத்தமாகவும் இருக்கிறது.

ஆனால் இது தவிர்க்கவே முடியாத முடிவு என்று நான் நினைக்கவில்லை. பிரான்ஸைப் பாருங்கள். அங்கே முதல்தர லீக்கான டாப் 14-ஐ நடத்தும் அமைப்பே 2020 பிப்ரவரியில் பாரிஸ் லா டிஃபான்ஸ் அரீனாவில் சூப்பர்செவன்ஸ் என்ற போட்டியைத் தொடங்கியது. பதினான்கு கிளப்களோடு, செவன்ஸுக்கென்றே இருக்கும் மொனாக்கோ அணிக்கும் பிரெஞ்சு பார்பேரியன்ஸ் அணிக்கும் அழைப்பு. மொத்தம் பதினாறு. அப்புறம் அதை ஆகஸ்டுக்குக் கொண்டுபோய், பிரான்சின் வெவ்வேறு ஊர்களில் சுற்றுகள் வைத்து, இறுதி நாளை மட்டும் மூடிய கூரையின் கீழ் பாரிஸில் நடத்தினார்கள். இங்கிலாந்து கைவிட்டதையும் பிரான்ஸ் பிடித்துக்கொண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்குப் படும் வித்தியாசம் இரண்டு. போட்டியை லீக்கே தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது, அதனால் கிளப்களுக்கு அது விருப்பப் பாடமாக இருக்கவில்லை. இன்னொன்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக் என்ற இலக்கு எல்லோர் கண் முன்னும் இருந்தது.

அந்த இலக்கு எப்படி எட்டப்பட்டது என்பது தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லத்தான் ஆசை. ஆன்டுவான் டுபோன், பதினைவர் ஆட்டத்தில் உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர், ஐரோப்பாவின் ஆறு தேசிய அணிகள் ஆடும் பதினைவர் தொடரான சிக்ஸ் நேஷன்ஸை 2024-இல் விட்டுவிட்டு செவன்ஸுக்கு வந்தார். ஆனால் கிளப்பை விடவில்லை. மே 25 அன்று தன் கிளப்பான துலூஸோடு ஐரோப்பியக் கோப்பை. ஜூன் தொடக்கத்தில் மாட்ரிடில் பிரான்ஸ் செவன்ஸ் அணியோடு உலகத் தொடரின் இறுதிப் பட்டம். ஜூன் 28 அன்று மறுபடி துலூஸோடு டாப் 14 பட்டம். ஜூலை 27 அன்று, அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்றிராத ஃபிஜியை 28-7 என்று வென்று தங்கம். இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் இறங்கி இரண்டு ட்ரை போட்டார். அவர் ஒரு விதிவிலக்கு. அவரைச் சுற்றி ஆடியவர்கள் பிரெஞ்சு ரக்பி சம்மேளனத்தின் செவன்ஸ் ஒப்பந்தத்தில் பல ஆண்டு உழைத்தவர்கள். தங்கத்துக்கு சூப்பர்செவன்ஸ்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. கிளப்களும் சம்மேளனமும் செவன்ஸை எதிரியாகப் பார்க்காத சூழல் ஒன்றை அது உருவாக்க உதவியது என்று சொல்வேன். அதே பாரிஸுக்கு பிரிட்டன் ஆண்கள் அணி தகுதி பெறவே இல்லை. ரியோவில் வெள்ளி வென்ற அணி அது.

இனி சென்னை புல்ஸ். 2025 ஜூன் 15 முதல் 29 வரை, மும்பை அந்தேரியில் உள்ள கால்பந்து மைதானத்தில், ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பதிப்பு நடந்தது. சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கா என்று ஆறு அணிகள். இறுதியில் சென்னை டெல்லி ரெட்ஸை 41-0 என்று நொறுக்கியது. அணியில் அயர்லாந்தின் டெர்ரி கென்னடி இருந்தார், 2022-இன் உலகச் சிறந்த செவன்ஸ் வீரர். ஒரு புதுமையும் செய்தார்கள்: இரண்டு ஏழு நிமிடத்துக்குப் பதில் நான்கு நான்கு நிமிடப் பகுதிகளாக, மொத்தம் பதினாறு நிமிடம்.

வெளியிலிருந்து பார்க்க இதுவும் சீசன் இல்லாத நேரத்துச் செவன்ஸ் மாதிரியே தெரியும். ஆனால் அடித்தளம் நேர் எதிர். இங்கிலாந்தில் கிளப்கள் ஏற்கனவே இருந்தன, நூறு ஆண்டுக்கும் மேலான ரசிகர்கள் இருந்தார்கள், வீரர்கள் பதினைவர் ஆட்டக்காரர்கள், அவர்களுடைய ஓய்வு காலத்தில் செவன்ஸ் நடந்தது. இந்தியாவில் அணிகள் இந்தப் போட்டிக்காகவே உருவாக்கப்பட்டவை, வெளிநாட்டு வீரர்கள் செவன்ஸையே தொழிலாகக் கொண்டவர்கள். உலகத் தொடர் மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் முடிந்தது. அதன் பிறகான அவர்களுடைய ஓய்வு காலத்தைத்தான் இந்த லீக் பிடித்துக்கொண்டது. அங்கே நட்சத்திரங்கள் விலகிக்கொண்டார்கள், இங்கே அவர்களை வைத்துத்தான் கடையே திறக்கப்பட்டது.

இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஜெர்ரி டுவாய் மாதிரி ஃபிஜிக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த ஒருவர் அந்தேரியில் ஆடுவதை ஒடிசாவின் பையன் ஒருவன் ஒரே மைதானத்தில் நின்று பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு அணியிலும் ஐந்து இந்தியர்களுக்கு இடம் இருந்தது. அதைக் கூட்ட வேண்டும் என்பேன். அதோடு, இரண்டு வாரம் மும்பையில் ஆடிவிட்டுக் கலைந்துபோகும் சென்னை அணிக்குச் சென்னையில் என்ன வேலை என்ற கேள்வி இருக்கிறது. மெட்ராஸ் ஜிம்கானாவில் பல தலைமுறையாக ரக்பி ஆடப்படுகிறது, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் டேக் ரக்பி (இடுப்புப் பட்டையைப் பறிக்கும், மோதல் இல்லாத ரக்பி), செவன்ஸ் என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். கோப்பை வென்ற சட்டையை அந்தப் பிள்ளைகளில் ஒருவர் போட்டு ஆடும் ஒரு மாலையாவது இந்த ஊரில் நடக்க வேண்டும். இங்கிலாந்துக் கிளப்கள் பிழையாகவே நடத்தினாலும் அந்த ஒன்றைச் சரியாகச் செய்தார்கள்.

பார்க்கத் தொடங்க விரும்பினால், பழைய ப்ரீமியர்ஷிப் செவன்ஸ் பதிவு ஏதாவது கிடைத்தால் இப்படிப் பாருங்கள்: முதலில் அணிப் பட்டியலில் தெரியாத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களில் யார் பின்னால் முதல்தர அணிக்கு வந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஆட்டத்தில் ட்ரைகளை விடுங்கள், அவை தானாகவே கண்ணில் படும். ஒவ்வொரு ட்ரைக்குப் பிறகும் பந்து உதைக்கப்படும் அந்த நான்கு நொடியை மட்டும் கவனியுங்கள். யார் எகிறுகிறார்கள், கீழே விழும் பந்துக்கு யார் முன்கூட்டியே ஓடியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே எந்த அணி வெல்லப்போகிறது என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும்.